பழைய ஐபோனை டிசம்பர் வரை வைத்திருக்கலாமா?

கையில் இரண்டு வருடப் பழைய ஐபோன் இருக்கிறது, இப்போது ஆகஸ்ட், டிசம்பரில் பரிசு வாங்கும் கூட்டம் வரும்வரை காத்திருந்து ஈபேயில் ஏலம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இப்போதே விற்றுவிடுங்கள்.

டிசம்பரில் வாங்குபவர்கள் அதிகம் என்பது சரிதான். ஆனால் நடுவில் செப்டம்பர் வருகிறதே! 2012 முதல் ஆப்பிள் தன் முதன்மை ஐபோன்களைச் செப்டம்பரில்தான் அறிவிக்கிறது. 2020இல் மட்டும் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அறிவிப்பு வந்ததும் கடையில் மீதமிருக்கும் முந்தைய மாடல்களின் விலை இறங்கும். புதுசுக்கு மாறுபவர்கள் எல்லோரும் பழையதை ஒரே சமயத்தில் ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்புறம் நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடி வேறு. இத்தனை இறக்கத்தையும் டிசம்பர் கூட்டம் ஈடுகட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் விற்பது கேம் கன்சோல் என்றால் காத்திருக்கச் சொல்லியிருப்பேன், அதில் புதிய தலைமுறை வர பல வருடங்கள் ஆகும்.

மற்றவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஈபே தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு, உங்கள் போனின் அதே மாடல், அதே சேமிப்பளவு, அதே நிலையில் உள்ளவை எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். பேட்டரி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்ற சதவீதம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துப் போடுங்கள், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். ஏலம் நள்ளிரவில் முடியாமல் விடுமுறை நாள் மாலையில் முடியட்டும். அனுப்பும் முன் போனில் இருக்கும் உங்கள் ஐகிளவுட் (ஆப்பிள்) கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள், இல்லையென்றால் போன் பூட்டிக்கொண்டு, வாங்கியவரால் பயன்படுத்த முடியாமல் உங்களிடமே திரும்பி வந்துவிடும்.