ஜெர்மனியில் முதல் இரண்டு வாரம்: முகவரி வேலைதான் முதலில்

கேள்வி: டிரெஸ்டன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை மாலை அங்கே போய்ச் சேர்கிறேன். மாணவர் விடுதி அறை அக்டோபர் 1-ஆம் தேதி முதல்தான். அதுவரை ஒரு சீனியர் அண்ணன் அறையில் தங்கப் போகிறேன். "அவர் முகவரியிலேயே பதிவு பண்ணிவிடு, பேங்க் வேலையெல்லாம் சீக்கிரம் முடியும்" என்கிறார்கள் நண்பர்கள். எதை முதலில் செய்வது? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் காலி. சிக்கல் வருமா?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்வதைச் செய்ய வேண்டாம். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்குள்ள நம் பிள்ளைகள் 'அன்மெல்டுங்' என்று சொல்வது இதைத்தான். இதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கும் அறைக்கு அந்தக் கடிதத்தைச் சீனியர் தர முடியாது. குடியிருக்காத இடத்தில் குடியிருப்பதாகக் கடிதம் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உதவி செய்த அண்ணனை அந்த வம்பில் மாட்டிவிடக் கூடாது. விடுதிச் சாவி கைக்கு வரும்போதே அந்த உறுதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் இரண்டு வாரக் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

பதிவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அதை 'டெர்மின்' என்பார்கள். அக்டோபரில் மாணவர் கூட்டம் அதிகம் என்பதால், ஊரில் இருக்கும்போதே நகர நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்து, அக்டோபர் முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ ஒரு நேரம் பிடித்துவையுங்கள். அக்டோபர் 3 ஜெர்மன் ஒற்றுமை நாள், அன்று எல்லா அலுவலகமும் மூடியிருக்கும். இரண்டு வாரத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் கிடைக்கிற முதல் தேதியை எடுத்து, முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவுப் படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று எழுதினால், பின்னாளில் வருமான வரி கட்டும் அளவு சம்பாதிக்கும்போது சர்ச் வரியும் சேர்ந்து பிடிப்பார்கள். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் அது வருமான வரித் தொகையில் 9 சதவீதம். உண்மையைத்தான் எழுத வேண்டும், ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்து எழுதுங்கள்.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் விஷயம் தபால்பெட்டி. நம்மூரில் கதவு எண் போதும், தபால்காரர் விசாரித்தாவது கொண்டுவந்து சேர்ப்பார். அங்கே அடுக்குமாடியில் வீட்டு எண்ணே பெரும்பாலும் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். உங்கள் ஏடிஎம் கார்டு ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான். பதிவு முடிந்த சில வாரங்களில் வருமான வரி எண்ணும் அப்படியே வரும், பகுதிநேர வேலைக்கு அது தேவை. இவற்றில் ஒன்று திரும்பிப் போனாலும் மறுபடி கேட்டு வாங்க வாரக்கணக்கில் இழுக்கும். அறைக்குள் பெட்டியை வைத்த கையோடு, தபால்பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டுங்கள். விடுதியில் பெயர்ப்பட்டையை நிர்வாகமே போடும் என்றால், காப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

எந்தப் பெயர் என்பதுதான் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கவலை உண்டு. சர்நேம் காலியாக இருந்தால், இருக்கிற பெயரையே குடும்பப் பெயர் இடத்தில் பதிவது ஜெர்மன் அலுவலகங்களில் சாதாரணமாக நடப்பதுதான், பயப்பட வேண்டாம். சிக்கல் எங்கே வருமென்றால், பேங்கில் அப்பா பெயரைச் சேர்த்தும், காப்பீட்டில் இனிஷியலோடும், பல்கலைக்கழகத்தில் வேறு வரிசையிலும் நீங்களே எழுதிக்கொடுக்கும்போதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் மட்டுமே எல்லா இடத்திலும் இருக்கட்டும். பதிவுச் சான்றிதழை வாங்கியதும் மேசையை விட்டு எழும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சரி, பணம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ('பிளாக்டு அக்கவுண்ட்') நீங்கள் கட்டிய தொகை, மாதம் 992 யூரோ கணக்கில் 11,904 யூரோவாக இருக்கலாம். அது போன அன்றே கைக்கு வராது. அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனம் பெரும்பாலும் பதிவுச் சான்றிதழையும், நீங்கள் அங்கே தொடங்கும் சாதாரண வங்கிக் கணக்கின் எண்ணையும் கேட்கும், அதன் பிறகுதான் மாதத் தொகை வரத் தொடங்கும். ஆகவே ஐந்தாறு வாரம் தாங்குகிற அளவுக்கு, விடுதி முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 1,200 முதல் 1,500 யூரோ வரை வைத்திருங்கள் என்பேன். அதில் 300 யூரோ மட்டும் நோட்டாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். ஊரிலிருந்து ஏற்பாடு செய்த மாணவர் காப்பீடு வழக்கமாக அக்டோபர் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய நாட்களுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம் இருக்கட்டும்.

நீங்கள் சேர்வது சனி மாலை. மறுநாள் ஞாயிறு, சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகள்தான் விதிவிலக்கு. இரண்டு நாளுக்கான சாப்பாட்டை மனதில் வைத்துப் பெட்டி கட்டுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்பதால் சொல்கிறேன், பால்கோவா வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நெய்யும் அந்தப் பட்டியலில்தான். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகலாம். விடுதி அறையில் கட்டில், மெத்தை இருந்தாலும் விரிப்பும் போர்வையும் இருக்காது, ஒரு செட் எடுத்துப் போங்கள்.

டிராமில் முதல் சில நாட்களுக்குத் தனியாக டிக்கெட் வாங்குங்கள். மாணவர் பயணச் சீட்டு செமஸ்டர் தொடங்கும் அக்டோபர் 1 முதல்தான் செல்லும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. அப்புறம், அறைக் கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கலாம். குப்பை கொட்டப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். வார இறுதியில் பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார்கள்.

பதிவு முடிந்து சில வாரத்தில் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடியோ என்று கிழித்துப் போடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. இரண்டு மூன்று பேர் ஒரே குடியிருப்பில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவரது ஒலிபரப்புக் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பலாம்.

விசா ஸ்டிக்கரில் கடைசித் தேதியைப் பார்த்து வையுங்கள். அதற்கு முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வர மாதங்கள் ஆனாலும் அதுவரை நீங்கள் சட்டப்படி தங்கலாம். தேதி தாண்டி விண்ணப்பித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முகவரிப் பதிவு முடிந்த வாரத்திலேயே அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.