போனில் தெரியும் கேமரா அலெக்சாவில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடு திங்கள்சந்தை பக்கம். ஷார்ஜாவில் இருக்கும் மகன் போன லீவுக்கு வந்தபோது எக்கோ ஷோ (திரை உள்ள அலெக்சா பெட்டி) ஒன்று கொண்டுவந்து அடுக்களையில் வைத்தான். கேட்டில் உள்ள வைஃபை கேமரா என் போனிலும் அவன் போனிலும் நன்றாகத் தெரிகிறது. அலெக்சாவிடம் கேட்டால் மட்டும் அப்படி ஒரு கேமராவே இல்லை என்கிறது. எனக்கு மூட்டு வலி, பெல் அடிக்கும்போதெல்லாம் கேட்டுவரை நடக்க முடியாது. கேமரா மாட்டியவர் ரௌட்டரை மாற்றி, ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள், டீச்சர். படம் ஷார்ஜாவரை போகிறது என்றால் கேமராவும் வைஃபையும் ரௌட்டரும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். ஸ்டேட்டிக் ஐபி எல்லாம் கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டிகளை வெளியிலிருந்து பார்க்கத் தேவைப்பட்டது. ஆப் வழியாகப் பார்க்கும் வைஃபை கேமராவுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. விற்கிறவருக்குத்தான் இருக்கிறது.

அலெக்சா உங்கள் கேமராவிடம் நேராகப் போய்ப் பேசாது. நீங்கள் கேட்டதும் அமேசான் சர்வர், கேமரா கம்பெனியின் சர்வரிடம் "இந்தக் கணக்கில் என்னென்ன கேமரா இருக்கிறது?" என்று விசாரிக்கும். கணக்கில் இல்லாததைக் காட்டாது. கேமரா உங்கள் தலைக்கு மேலேயே தொங்கினாலும் அதற்குத் தெரியாது. இதற்கு மேல் டெக்னிக்கல் விவரம் உங்களுக்கு வேண்டாம்.

ஆகவே கேமரா யார் கணக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆப்பில் அந்தக் கேமராவைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போங்கள். 'ஷேர் செய்யப்பட்டது' என்றோ, அறியாத ஒரு நம்பரோ, இமெயிலோ தெரிந்தால் விஷயம் முடிந்தது. மாட்ட வந்தவர் தன் போனிலேயே, தன் நம்பரிலேயே கணக்கு தொடங்கி, உங்களுக்கும் மகனுக்கும் 'ஷேர்' மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு உங்களுடையது, பத்திரம் அவர் பேரில் என்கிற மாதிரி. ஷேரில் வந்த கேமராவைப் பல கம்பெனிகள் அலெக்சாவுக்குக் கொடுப்பதில்லை.

மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில்வரை நான் பார்க்கிற வீடுகளில் இந்த வேலை சர்வசாதாரணம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதானவர்கள். "அம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியவேண்டாம், நான் செட் பண்ணித் தாறேன்" என்பார்கள். பிறகு பாஸ்வேர்டு மறந்தாலும், ரௌட்டர் மாறினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும், ஒவ்வொரு தடவையும் 'விசிட் சார்ஜ்'. அதைவிட மோசம், உங்கள் முற்றத்தை அவரும் எந்நேரமும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் இருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று அரசு கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் சோதித்த கேமராவின் சாவி மாட்ட வந்தவர் பாக்கெட்டில் இருந்தால் என்ன செய்வது? அதைக் கேட்பார் இல்லை.

அவரைக் கூப்பிட்டு, உங்கள் முன்னால் நின்று தன் ஆப்பிலிருந்து கேமராவை 'டெலிட்' செய்யச் சொல்லுங்கள். வெறுமனே ரீசெட் பட்டனை அமுக்கினால் சில பிராண்டுகளில் பழைய கணக்கின் பிடி விடாது. பிறகு உங்கள் இமெயிலில் புதுக் கணக்கு தொடங்கி, நாடு என்று கேட்கும் இடத்தில் இந்தியா கொடுத்து, கேமராவைச் சேருங்கள். சேர்க்கும்போது ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (5 அல்ல) இருங்கள். மகனுக்கு இனி நீங்கள் ஷேர் கொடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எக்கோ ஷோ ஷார்ஜாவில் வாங்கியது. சதுரப் பின்னுக்கு அடாப்டர் மாட்டி ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதில் பிரச்சினை இல்லை. அது மகனுடைய யுஏஇ அமேசான் கணக்கில் பதிவாகியிருந்தால்தான் பிரச்சினை. கேமராவை அலெக்சாவோடு இணைக்கிற 'ஸ்கில்' எல்லா நாட்டுக் கணக்கிலும் கிடைக்காது. அங்கே தேடினால் வராதது இந்தியக் கணக்கில் வரலாம். கேமரா இந்தியக் கணக்கில், அலெக்சா துபாய்க் கணக்கில் என்று வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வீடியோ காலில் மல்லுக்கட்டும் குடும்பங்கள் உண்டு. எக்கோ ஷோவின் செட்டிங்ஸில் 'டிவைஸ் ஆப்ஷன்ஸ்' போய் ரீசெட் செய்து, இந்திய அமேசான் கணக்கில் புதிதாகப் பதிவு செய்யுங்கள். உங்கள் போனில் உள்ள அலெக்சா ஆப்பிலும் அதே கணக்கு இருக்க வேண்டும். மகனுடைய கணக்கு ஒன்று, உங்களுடையது ஒன்று என்றால் மறுபடியும் 'இல்லை' என்றுதான் வரும்.

அதன்பின் அலெக்சா ஆப்பில் 'ஸ்கில்ஸ்' பகுதியில் கேமரா கம்பெனியின் பெயரைத் தேடி 'எனேபிள்' கொடுத்து, கேமரா கணக்கின் பாஸ்வேர்டைப் போடுங்கள். அமேசான் பாஸ்வேர்டு அல்ல. அலெக்சா கேமராவைத் தேடும் 'டிஸ்கவர்' முடிந்ததும் கேமரா வந்துவிடும். அலெக்சாவுக்குத் தமிழ் தெரியாது. 'முற்றம்' என்று பெயர் வைத்தால் திருதிரு என்று விழிக்கும். 'ஃப்ரண்ட் கேட்' என்று வைத்து, "அலெக்சா, ஷோ ஃப்ரண்ட் கேட்" என்று கேளுங்கள். அதே பெயர் லைட்டுக்கோ ஸ்விட்சுக்கோ இருக்கக் கூடாது. இடி மழையில் கரண்ட் போய் வந்தபின் 'பதில் இல்லை' என்று சொன்னால் கேமராவை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும்.

நடுவில் எங்காவது தடுமாறினால் கூகுளில் 'அலெக்சா கஸ்டமர் கேர்' என்று தேடி வருகிற நம்பரை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அதில் பாதி மோசடிக் கும்பல். எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்லி உங்கள் போனையே கையில் எடுத்துக்கொள்வார்கள். பென்ஷன் வருகிற பேங்க் ஆப்பும் அதே போனில்தானே இருக்கிறது? உதவி வேண்டுமென்றால் அலெக்சா ஆப்புக்கு உள்ளேயே கேளுங்கள்.

மாட்டியவர் கேமராவை விடமாட்டேன் என்றால், பில்லையும் கேமராவில் ஒட்டியுள்ள சீரியல் நம்பரையும் படம் எடுத்து கேமரா கம்பெனிக்கு அனுப்பி, பழைய கணக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். பில் தரவில்லையா? இப்போதே கேட்டு வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சத்துக்குள் உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. அலைய வைப்பார்கள், அது வேறு விஷயம். புகார் என்ற சொல்லைக் காதில் போட்டாலே பலர் டெலிட் செய்துவிடுகிறார்கள். கேமரா கைக்கு வந்ததும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அதுவும் அவரிடம் இருக்கிறது.