பெல்ட் ஃபேன் இருக்குற வேன்ல கரண்ட் ஃபேனும் சேத்து போடலாமா?

ரம்பொடை ஏத்தத்துல ஹீட் ஏறுதுன்னு கேட்டிருந்தீங்க, தாராளமா போடலாம் அண்ணே. பெல்ட் ஃபேன் எஞ்சின் சுத்துற வேகத்துக்குதான் சுத்தும், கம்பளையில இருந்து நுவரெலியாவுக்கு (சும்மாவா, 1,868 மீட்டர் ஒசரம்) லொறிக்குப் பின்னாடி மாட்டி ஊர்ந்து போறப்போ காத்து பத்தாது, அங்கதான் கரண்ட் ஃபேன் கைகொடுக்கும். ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டுங்க, காத்த எஞ்சின் பக்கம் தள்ளணும், வயர மாத்தி குடுத்துட்டா எதிர்ப்பக்கம் ஊதி இருக்குறதும் கெட்டுரும். ரிலே (சின்ன கரண்ட்ல ஃபேனோட பெரிய கரண்ட ஓன் பண்ணி விடுற சுவிட்ச்), பியூஸ் கட்டாயம். ஃபேன் சுவிட்ச், தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு) தெறக்குற சூட்டுக்கு கொஞ்சம் மேல ஓன் ஆகுறதா பாத்து எடுங்க, இல்லாட்டி சும்மா ஓடி பெட்டரிய திங்கும். பெல்ட் ஃபேன கழட்டிராதீங்க. ஆனா மொதல்ல ரேடியேட்டர் அடைச்சிருக்கா, விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறினா பெல்ட் ஃபேன இறுக்கிப் பிடிச்சு சுத்த வைக்கிற பாகம்) வழுக்குதான்னு பாருங்க, நான் பாத்த வண்டியில பாதிக்கு வியாதியே அதுதான்.