ரேடார் செயற்கைக்கோள் கடல் காற்றை எப்படி அளக்கிறது? கடல் பனியை எப்படிப் பிரித்தறிகிறது?

காற்றே கண்ணுக்குத் தெரியாதபோது, 700 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அதை எப்படி அளக்கும், கடல் பனியை நீரிலிருந்து எப்படிப் பிரிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படங்களைப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேடார் காற்றைப் பார்ப்பதில்லை. நீரின் சொரசொரப்பைத்தான் பார்க்கிறது. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. அது கடலில் சாய்வாக விழும்போது, நாலைந்து செ.மீ. நீளமுள்ள சிற்றலைகள் அதைத் திருப்பி அனுப்புகின்றன. பிராக் சிதறல் என்பது இதுதான். காற்று வலுத்தால் சிற்றலை பெருகி, படம் வெளுக்கும். காற்று அடங்கினால் நீர் சமமாகிவிடும், கதிர் அப்பால் தெறித்துப் போய்ப் படம் கறுக்கும். எண்ணெய்ப் படலமும் சிற்றலையை அமுக்கிக் கறுப்பாகவே தெரியும் என்பதால், கறுப்புத் திட்டைப் பார்த்ததும் கசிவு என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரே கோணத்தில் எடுத்த படம் காற்றின் திசையை நேராகச் சொல்லாது. கணினியில் ஓடும் வானிலை மாதிரியிலிருந்தோ, படத்தில் தெரியும் நீளக் கோடுகளிலிருந்தோ திசையை எடுத்துக்கொண்டுதான் வேகத்தைக் கணக்கிடுவார்கள். நம் இந்தியச் செயற்கைக்கோள்களான ஓஷன்சாட்-2, 2016-இல் ஏவிய ஸ்கேட்சாட்-1 இரண்டிலும் இருந்த ஸ்கேட்டரோமீட்டர் (சிதறி வரும் எதிரொலியின் வலுவை அளக்கும் ரேடார் கருவி) ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்ப்பதால் திசையும் கிடைக்கும். ஆனால் அது பார்க்கும் கட்டம் பல கிலோமீட்டர் அகலம். கரையருகே நிலத்தின் எதிரொலி கலந்து கெட்டுவிடும். கரையோரக் காற்றுக்குப் படமெடுக்கும் ரேடார்தான் சரி. குரோஷியாவின் சென்யி ஊர்ப் பக்கம், மலை இடைவெளி வழியாக இறங்கும் போரா காற்று அட்ரியாட்டிக் கடலில் வெள்ளைப் பட்டைகளாகத் தெரியும். நடுவே மலை மறைவில் கடல் இருண்டு கிடக்கும். இத்தனை நுணுக்கத்தைக் கடலில் மிதக்கும் ஓரிரு மிதவைகள் சொல்லவே முடியாது.

பனிதான் இன்னும் சுவையான விஷயம். புதிதாக உறைந்த வழுவழுப்பான பனி கறுப்பு. ஓராண்டுப் பனியில் உப்பு மிகுதி, கதிர் உள்ளே போகாது, அதனால் பழைய பனியைவிட மங்கலாகத் தெரியும். கோடையைத் தாண்டிய பழைய பனியில் உப்புநீர் வடிந்துபோய், மேல்பகுதியில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருக்கும். கதிர் உள்ளே புகுந்து சிதறி வரும், அதனால் பளிச்சென்று தெரியும். கோடையில் பனிமேல் உருகிய நீர் தேங்கினால் இந்த வேறுபாடு மங்கிப் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு: காற்றடிக்கும் கடலும் பனியும் ஒரே வெளுப்பில் தெரியலாம். அப்போது கிடைமட்டமாக அதிரும் அலையை அனுப்பிச் செங்குத்தாக அதிரும் எதிரொலியை வாங்கும் குறுக்கு முனைவாக்கம் கைகொடுக்கும், அதில் நீர் பொதுவாக மங்கலாக இருக்கும். அப்படியும் கனடா, நார்வே பனி மையங்களில் மனிதர்கள் உட்கார்ந்துதான் படம் பார்த்து வரைபடம் தயாரிக்கிறார்கள். மாதக்கணக்கில் விடியாத துருவ இரவிலும், மேகம் மூடிய நாளிலும் கப்பல் வழி தேட மாலுமிகள் அந்த வரைபடத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். ஐரோப்பாவின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் இணையதளத்தில் சென்டினல்-1 படங்கள் இலவசம். கணக்குத் தொடங்கி, சென்யியைத் தேடி, குளிர்கால நாள் ஒன்றை எடுங்கள். செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே வாங்கிய படத்தைத் தேர்ந்தால் காற்று நன்றாகத் தெரியும்.