வீட்டு ஃபைல் சர்வரின் ஓஎஸ்ஸுக்குத் தனியாக எஸ்எஸ்டி வாங்கலாமா? எழுதி எழுதிச் சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

வாங்கலாம். ஆனால் ஃபைல் காப்பி ஆகிற வேகம் கூடும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஜிகாபிட் நெட்வொர்க். எவ்வளவு முக்கினாலும் வினாடிக்கு 110 எம்பி சொச்சம்தான் வரும். இன்றைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றே பெரிய வீடியோ ஃபைலை 150 எம்பி வேகத்தில் படித்துக் கொடுத்துவிடும். அடைப்பு நெட்வொர்க்கில் இருக்கிறது, ஓஎஸ் எந்த டிஸ்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே வராது.

அப்புறம் எதற்கு எஸ்எஸ்டி? நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஓப்பன்மீடியாவால்ட் (ஃபைல் சர்வருக்கென்றே உள்ள ஓர் இலவச ஓஎஸ்) போட்டிருந்தேன். டிஸ்க் மாட்டுகிற சாட்டா போர்ட் மொத்தமே நாலு. அதில் ஒன்றை ஓஎஸ்ஸுக்குத் தாரை வார்ப்பானேன் என்ற கஞ்சத்தனத்தில் 16 ஜிபி பென்டிரைவில் நிறுவினேன். எட்டே மாதம். ஒரு நாள் ரீஸ்டார்ட் செய்தேன், அதன்பிறகு அது பூட் ஆகவே இல்லை. யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதுகூட லாக் (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு), சிபியு வரைபடத்துக்கான புள்ளிவிவரம் என்று ஓப்பன்மீடியாவால்ட் எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண பென்டிரைவ் அதைத் தாங்காது. இந்த எழுத்தையெல்லாம் ராமில் வைத்துக்கொள்ள ஃப்ளாஷ்மெமரி என்றொரு ப்ளகின் உண்டு என்பது எனக்குத் தெரியவந்தபோது பென்டிரைவுக்குக் காரியமே முடிந்திருந்தது.

அடுத்து, டேட்டா ஹார்ட் டிஸ்கிலேயே சின்னதாக ஒரு பார்டிஷன் பிரித்து, டெபியன் என்கிற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் ஓப்பன்மீடியாவால்டை ஏற்றினேன். வேலை செய்தது. ஆனால் அதே லாக் விவகாரத்தால் அந்த டிஸ்க் தூங்கவே இல்லை. ஹாலில் ராத்திரி முழுக்க கர்ர்ர் என்று சத்தம்.

மூன்றாவதாகத்தான் 120 ஜிபி எஸ்எஸ்டி. அன்றைக்குத்தான் ஹார்ட் டிஸ்க்குகள் நிஜமாகவே தூங்கின. என்னைக் கேட்டால் இதுதான் முதல் லாபம்: சத்தம் இல்லை, சூடு குறைவு, டிஸ்க் ஒன்றுக்கு நாலைந்து வாட் மிச்சம். (ஐந்து நிமிடத்தில் தூங்கு என்று வைக்காதீர்கள். அடிக்கடி நின்று சுற்றுவதும் டிஸ்குக்கு ஆகாது. அரை மணி நேரமாவது விடுங்கள்.)

தேய்மானக் கவலைக்கு வருவோம். உத்தரவாதத் தாளில் 40 டிபி வரை எழுதலாம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5 ஜிபி எழுதினாலும் 8,000 நாள், அதாவது ஏறக்குறைய 22 வருஷம். அதற்குள் மதர்போர்டே போய்ச் சேர்ந்திருக்கும். நான் பயப்படுவது கரண்ட் கட்டுக்கு. மலிவான எஸ்எஸ்டிகளில், மின்சாரம் சட்டென்று போனால் கையில் இருப்பதை எழுதி முடிக்க உதவும் கெப்பாசிட்டர்கள் இருக்காது. அதனால் எஸ்எஸ்டிக்கு முன்னால் யுபிஎஸ் வாங்குங்கள். இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் சாகும்முன் பெரும்பாலும் முனகிக் காட்டும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். வீட்டு சர்வரின் ஓஎஸ்ஸுக்கு ரெய்டு (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் சேர்த்து வைப்பது போன்ற ஏற்பாடு) எல்லாம் வேண்டாம். எல்லாம் செட் செய்து முடித்ததும் க்ளோன்சில்லா என்கிற இலவச மென்பொருளில் ஒரு இமேஜ் (முழு டிஸ்கின் நகல்) எடுத்து வேறு இடத்தில் வைத்தால் போதும். டேட்டா தனி டிஸ்கில் இருப்பதால் ஓஎஸ் போனாலும் நஷ்டம் ஒரு சாயங்காலம்தான்.

அளவு? ஓஎஸ்ஸுக்கு மட்டும் என்றால் கிடைப்பதிலேயே சின்னது போதும். ட்ரூநாஸ் (இதுவும் ஃபைல் சர்வருக்கான ஓஎஸ்தான்) போடுவதாக இருந்தால் இதை அழுத்திச் சொல்வேன்: பூட் டிஸ்கில் உங்கள் ஃபைல் எதையும் அது வைக்க விடாது, 500 ஜிபி வாங்கினால் மீதியெல்லாம் தண்டம். டெபியன் வகையறாவில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது), ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ சர்வர்) ஓட்டப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. அவற்றின் டேட்டாபேஸ், படங்களின் சிறு உருவங்கள் எல்லாம் எஸ்எஸ்டியில் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதற்கு 250 ஜிபி எடுங்கள்.

கடைசியாக, நிறுவும்போது டேட்டா டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலரில் எல்லா டிஸ்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே முகத்தோடு வரிசையில் நிற்கும், மாற்றித் தொட்டால் டேட்டா அழிந்துவிடும். நான் நிறுவியது ராத்திரி பதினொன்றரைக்கு, அதுவும் தூக்கக் கலக்கத்தில். நல்லவேளை, கழற்றியிருந்தேன்.