உள்ளி உரிக்கும்போதும் பழகலாம்

கேள்வி: அக்கா, டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். காலையில் எழுந்ததும் சமையல், பிள்ளைகள், அப்புறம் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் ஓட்டம். ராத்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். 'மைண்ட்ஃபுல்னஸ்', அதாவது அந்தந்த நேரத்தில் நடப்பதைக் கவனித்து இருப்பது, அதைப் பழகச் சொன்னாள் கூட வேலை பார்க்கும் பெண். செல்போனில் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால், சீட்டுப் பணமும் கடைக் கணக்கும்தான் வந்து நிற்கின்றன. எனக்கு இது சரிப்பட்டு வராதா?

– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, சீட்டுப் பணம் வந்து நின்றதைக் கவனித்தாய் அல்லவா, அதுதான் பயிற்சி. மனசைக் காலி பண்ண வேண்டும் என்று யாரோ உனக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மனசு ஓடும். ஓடியதைத் தெரிந்துகொண்டு, திட்டாமல் திருப்பிக் கூட்டிவர வேண்டும். எத்தனை தடவை ஓடினாலும் சரி.

கண்ணை மூட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலிக்காரர்களுக்காக ஒரு பயிற்சியாக இதை ஆரம்பித்தார். வேர் புத்த தியானத்தில் இருக்கிறது. அதில் ஆரம்பப் பாடங்களில் ஒன்று, ஒரே ஒரு உலர்திராட்சையை உருட்டிப் பார்த்து, மோந்து, மெல்ல மென்று தின்பது. உனக்குத் திராட்சை எதற்கு? நாளைக்குச் சாம்பாருக்கு உள்ளி உரிப்பாய் இல்லையா, அதில் பழகு. காய்ந்த தோல் நகத்தில் பட்டு நொறுங்கும், உள்தோல் ஈரமாக விரலில் ஒட்டும், காரம் மூக்கில் ஏறிக் கண் கரிக்கும். நாலு உள்ளி உரிப்பதற்குள் நினைப்பு கடைக்குப் போய்விடும். போகட்டும். ஐந்தாவது உள்ளிக்குக் கூட்டி வா. அந்த நேரம் டிவியும் செல்போனும் வேண்டாம்.

சுலோசன முதலியார் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது ஹாரனை அமுக்காதே. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தோளைத் தளர்த்தி, மூச்சை இழுத்ததைவிட நிதானமாக விடு. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் வலியில் பதறும் பெண்களுக்கு நான் சொன்னது இதைத்தான். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பதற்றம் தணிவதை உடம்பே காட்டிக் கொடுக்கும்.

ராத்திரிதான் உனக்கு முக்கியம். செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போகாதே. "அம்மா கால் கழுவிட்டு வாரேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போ. தண்ணீர் முதலில் எங்கே படுகிறது, குதிகாலிலா, விரலிடுக்கிலா? அதைக் கவனி. கோபம் அப்போதும் இருந்தால், "கோபம் இருக்கிறது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வா. பேசுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

ஆனால் உன் எரிச்சல் முழுக்க மனசில் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டு ஆள் வேலையை நீ ஒருத்தி பார்க்கிறாய். மூச்சுப் பயிற்சி சோறு வடிக்காது. டிபன் பாக்ஸ் கட்டுவதையும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதையும் வீட்டில் இன்னொருவர் ஏற்கத்தான் வேண்டும். இதை இந்த வாரமே பேசிவிடு.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் டாக்டரைப் பார். அதற்கு முன்னால் யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால், 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ் என்ற அரசாங்க எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.