அழித்த ஃபைலில் இருந்த பெயர்

கேள்வி: நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இங்கே நடக்கும் கொள்முதல் முறைகேடு பற்றி, பெயர் போடாமல் ஒரு புகார் எழுதியிருக்கிறேன். அலுவலகக் கம்ப்யூட்டரில் வேர்டில்தான் அடித்தேன். ஒரு பழைய பென் டிரைவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, இந்த ஃபைலை மட்டும் போட்டு அனுப்பலாமா? எழுதியது நான்தான் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். அந்தப் பென் டிரைவை அனுப்பாதீர்கள். காரணத்தை விளக்க, உங்களுக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு ஆளைத்தான் உதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன் டெனிஸ் ரேடர். போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் தானே கடிதம் எழுதி, 'பி.டி.கே.' (கட்டு, சித்திரவதை செய், கொல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தனக்குப் பட்டப்பெயரும் சூட்டிக்கொண்டான். ஊரார் கண்ணுக்கு அவன், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாழும் சர்ச் நிர்வாகக்குழுத் தலைவர். பல வருடம் அடங்கிக் கிடந்தவன் 2004இல் மறுபடி கடிதம் போட ஆரம்பித்தான்.

2005 ஜனவரியில் போலீசிடமே ஒரு சந்தேகம் கேட்டான்: ஃபிளாப்பியில் (பென் டிரைவுக்கு முந்தைய காலத்துக் கம்ப்யூட்டர் தட்டு) அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள் என்று வேறு! ஆபத்தில்லை என்ற பொருளில் ஒரு பத்திரிகையில் போலீஸ் வரி விளம்பரம் கொடுத்தது. அவன் நம்பிவிட்டான். பிப்ரவரி 16 அன்று ஊதா நிற ஃபிளாப்பி ஒன்று உள்ளூர் டிவி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

அதைத் திறந்து பார்த்தால் தெரிந்ததில் ஒன்றும் இல்லை. அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு ஃபைல்தான் காட்டிக்கொடுத்தது. போலீஸ் அதை மீட்டுப் பார்த்தபோது, ஒரு லூத்தரன் சர்ச்சின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டெனிஸ்' என்பதும் அதன் விவரங்களில் இருந்தன. இணையத்தில் அந்த சர்ச்சைத் தேடினார்கள். தலைவர் டெனிஸ் ரேடர். அவனுடைய மகளின் பழைய மருத்துவப் பரிசோதனை மாதிரியை நீதிமன்ற அனுமதியோடு எடுத்து, கொலை நடந்த இடத்தில் கிடைத்த டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். குடும்பத் தொடர்பு உறுதியானது. பிப்ரவரி 25 அன்று கைது. பிடிபட்ட பிறகு, ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று விசாரணை அதிகாரியைக் கேட்டானாம்! 10 ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

இனி உங்கள் விஷயம். 'டெலிட்' கொடுத்தால் ஃபைலின் முகவரிதான் போகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும். உங்கள் பழைய சம்பளச் சான்றிதழ் ஒன்று மீண்டு வந்தால் போதாதா? வேர்டு ஃபைலும் எழுதியவர், கடைசியாகத் திருத்தியவர், நேரம் என்று எல்லாவற்றையும் தானே குறித்துக்கொள்ளும். 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்ற வசதியால் அவற்றை நீக்கலாம். ஆனால் நீங்கள் அடித்தது அலுவலகக் கம்ப்யூட்டரில். அதன் பதிவுகள் உங்கள் கையில் இல்லை. அலுவலகப் பிரிண்டரும் வேண்டாம். யார் எப்போது என்ன பிரிண்ட் எடுத்தார்கள் என்பது சர்வரில் பதிவாகலாம். சில கலர் லேசர் பிரிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தங்கள் வரிசை எண்ணையே தாளில் அச்சடித்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரில்லாத புகார்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை. ஆனால் 'பிஐடிபிஐ' (PIDPI; பொதுநலனுக்காகத் தகவல் கொடுப்பவர்களைப் பாதுகாக்கும் மத்திய அரசின் தீர்மானம்) என்ற ஏற்பாட்டில், புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆணையம் ரகசியமாக வைத்திருக்கும். மூடி ஒட்டிய உறையின் மேல் அந்த எழுத்துகளை எழுதி, ஆணையச் செயலாளருக்கு அனுப்புங்கள். உறையின் வெளியே உங்கள் பெயர் கூடாது. உள்ளே கடிதத்தில் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கட்டும்.